ஹைட்டி நிலநடுக்கமும் தன்னார்வ வரைபடப் பணியும்

பேரிடர் நேர்ந்த ஒரு பகுதியின் சாலைகள், பாலங்கள், கட்டிடங்கள், மருத்துவமனைகள், ஊர்ப் பெயர்கள் முதலியவற்றை, உலகின் பல இடங்களிலிருந்து இணையம் வழியாக ஒன்றுசேரும் தன்னார்வலர்கள் கணினியில் வரைந்து நிவாரணப் பணியாளர்களுக்கு வழங்குவது மனிதநேய வரைபடப் பணி எனப்படுகிறது. இதற்கு முன்னோடியான சிறு முயற்சிகள் சில இருந்தன. 2009 ஜனவரியில் போர் நடந்துகொண்டிருந்தபோது காசா பகுதியின் சாலைகள் இவ்வாறு வரையப்பட்டன. அதே ஆண்டின் பிற்பகுதியில் கென்யத் தலைநகர் நைரோபியில் உள்ள கிபேரா என்னும் பெரிய குடிசைப்பகுதியை, அங்கு வாழும் இளைஞர்களே ஜி.பி.எஸ். கருவியுடன் நடந்து சென்று பதிவுசெய்தார்கள். ஆனால் இப்பணியை உலகம் கண்டுகொண்டது 2010ஆம் ஆண்டு ஹைட்டி நிலநடுக்கத்தின்போதுதான்.

நிலநடுக்கம்

ஹைட்டி, கரீபியன் கடலில் ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதியில் அமைந்த நாடு. 1804இல் அடிமைகளாக இருந்தவர்கள் போராடி விடுதலை பெற்று அமைத்த குடியரசு அது. 2010 ஜனவரி 12 அன்று மாலை 4.53 மணிக்கு 7.0 அளவுள்ள நிலநடுக்கம் அங்கு ஏற்பட்டது. அதன் மையம் லெயோகான் நகருக்கு அருகில், தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. உயிரிழப்பு எவ்வளவு என்பதில் இன்றுவரை ஒத்த கருத்தில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் என்பது முதல், ஹைட்டி அரசு சொன்ன 3,16,000 வரை கணக்குகள் வேறுபடுகின்றன. சுமார் 15 லட்சம் பேர் வீடிழந்தனர்.

குடியரசுத் தலைவர் மாளிகை இடிந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் ஹைட்டிப் பணியகம் இயங்கிவந்த கிறிஸ்டோபர் ஓட்டல் கட்டிடமும் இடிந்து, பணித் தலைவர் ஹெடி அன்னாபி உயிரிழந்தார். அந்த நிலநடுக்கத்தில் ஐ.நா. பணியாளர்கள் 102 பேர் இறந்தனர். துறைமுகமும் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் சேதமடைந்தன. அதாவது, வெளியிலிருந்து வரும் உதவியை வரவேற்று வழிகாட்ட வேண்டிய நிறுவனங்களே நிலைகுலைந்திருந்தன.

வரைபடம் இல்லாத தலைநகர்

பல நாடுகளிலிருந்து மீட்புக் குழுக்கள் மோப்ப நாய்களோடும் கான்கிரீட் வெட்டும் கருவிகளோடும் வந்து இறங்கின. இடிபாட்டில் சிக்கியவரை உயிருடன் மீட்க முதல் சில நாட்களே வாய்ப்பானவை. அந்த நாட்களில் குழுவினர் கேட்ட கேள்விகள் எளியவை. இந்தத் தெரு எங்கே போகிறது? லாரி போகும் அகலம் உண்டா? அந்த மருத்துவமனை எந்தப் பக்கம்? இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அப்பெருநகரப் பகுதிக்கு, இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் விரிவான பொது வரைபடம் எதுவும் கையில் இல்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் ஜனவரி 12 அன்று போர்ட்-ஓ-பிரின்ஸ் இருந்த இடத்தில் சில முக்கியச் சாலைகளின் கோடுகள் மட்டுமே காணப்பட்டன.

இந்த வெறுமைக்குக் காரணம் உண்டு. வரைபட நிறுவனங்கள் கார்களும் கடைகளும் விளம்பரதாரர்களும் உள்ள நகரங்களையே முதலில் வரைகின்றன. மலைச்சரிவில் நெருக்கமாக எழுந்த குடியிருப்புகளை வரைவதால் அவர்களுக்கு வருவாய் இல்லை. அரசிடம் இருந்த வரைபடங்கள் பழையவை. பேரிடரில் அதிகம் பாதிக்கப்படும் வீடுகள் பெரும்பாலும் வரைபடத்தில் இல்லாத தெருக்களில் இருக்கின்றன என்பது தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்

இப்பணிக்கு அடித்தளமாக அமைந்த ஓபன்ஸ்ட்ரீட்மேப், பேரிடருக்காகத் தொடங்கப்பட்டதன்று. 2004இல் இலண்டனில் மாணவராக இருந்த ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் இதைத் தொடங்கினார். பிரித்தானிய அரசின் நில அளவை நிறுவனம் மக்கள் வரிப்பணத்தில் திரட்டிய வரைபடத் தரவை, அம்மக்களுக்கே விலைக்கும் கட்டுப்பாடுகளோடும் தந்துவந்தது. அதற்கு மாற்றாக, விக்கிப்பீடியாவைப் போல யாரும் திருத்தக்கூடிய, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓர் உலக வரைபடத்தை மக்களே உருவாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தொடக்கத்தில் ஆர்வலர்கள் ஜி.பி.எஸ். கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மிதிவண்டியில் சுற்றி, தாங்கள் போன தடத்தைக் கோடாக மாற்றினார்கள். பிறகு 2006இன் இறுதியில் யாகூ நிறுவனம் தன் வான்படங்களைப் பார்த்து வரைய அனுமதி தந்தது. அதன்பின், கால் வைக்காத ஊரின் தெருவையும் வீட்டிலிருந்தபடியே வரைய முடிந்தது.

இத்தளத்தில் உள்ளவை வெறும் படங்கள் அல்ல. ஒவ்வொரு சாலையும் கட்டிடமும் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாகவும், 'இது மருத்துவமனை', 'இது மண் சாலை' என்பது போன்ற குறிச்சொற்களாகவும் சேமிக்கப்படுகிறது. ஆகவே அதே தரவிலிருந்து சுவரில் மாட்டும் தாள் வரைபடமும் செய்யலாம், வழிகாட்டும் கருவிக்கான கோப்பும் செய்யலாம். ஹைட்டியில் பயன்பட்டது இந்தத் தன்மைதான்.

வரைந்த விதம்

நிலநடுக்கச் செய்தி வந்த சில மணி நேரத்திலேயே ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்த ஆர்வலர்கள், கிடைத்த பழைய யாகூ படங்களைக் கொண்டு போர்ட்-ஓ-பிரின்சின் சாலைகளை வரையத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக நூலகத் தொகுப்பில் இருந்த பழைய வரைபடங்களையும் சிலர் எடுத்து, அவற்றைச் செயற்கைக்கோள் படத்தின்மீது பொருத்தினார்கள். தெருவின் வடிவத்தை வானத்திலிருந்து பார்க்கலாம், அதன் பெயரைப் பார்க்க முடியாது. அந்தப் பெயர்கள் பழைய தாள்களில் இருந்தன.

ஓரிரு நாட்களில் ஜியோஐ, டிஜிட்டல்குளோப் ஆகிய நிறுவனங்கள் நிலநடுக்கத்துக்குப் பின் எடுத்த துல்லியமான செயற்கைக்கோள் படங்களை இப்பணிக்காகத் திறந்துவிட்டன. உலக வங்கியின் ஏற்பாட்டில் விமானத்திலிருந்தும் படங்கள் எடுக்கப்பட்டன. விலை உயர்ந்த இத்தகைய படங்கள், 'பார்த்து வரைந்துகொள்ளலாம்' என்ற உரிமத்தோடு பொதுமக்களுக்குக் கிடைத்தது அப்போது புதுமை. இடிந்த கட்டிடங்கள், கற்குவியலால் அடைபட்ட சாலைகள், திறந்த வெளிகளில் முளைத்த கூடாரங்கள் ஆகியவை அவற்றில் தெரிந்தன.

கூடாரங்களைக் குறிப்பதில் ஒரு சிக்கல் எழுந்தது. அகதி முகாமுக்கு என்று அந்தத் தளத்தில் வழக்கமான குறிச்சொல் எதுவும் இல்லை. இருந்தது 'சுற்றுலா முகாமிடம்' என்பதுதான். விடுமுறையில் கூடாரம் போடும் ஐரோப்பியர்களுக்காக உருவான சொல் அது. அதைப் பயன்படுத்தினால்தான் வரைபடத்தில் கூடாரச் சின்னம் உடனே தோன்றும் என்பதால், அதையே இட்டு, கூடவே 'அகதிகள்', 'நிலநடுக்கத்தால் தானாக உருவான முகாம்' என்ற குறிச்சொற்களையும் சேர்த்தார்கள். பெசியோன்வில் பகுதியின் கோல்ஃப் மைதானத்தில் பல்லாயிரம் பேர் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்த நாட்கள் அவை. யாருடைய தேவைக்காக இக்கருவி முதலில் செய்யப்பட்டது என்பதை இந்தச் சிறு செய்தி காட்டிவிடுகிறது.

ஒரு மாதத்துக்குள் 600க்கும் மேற்பட்டோர் இப்பணியில் பங்கேற்றிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஹைட்டிக்குச் சென்றதில்லை. வரைந்தவை அவ்வப்போது கார்மின் வகை ஜி.பி.எஸ். கருவிகளுக்கான கோப்புகளாக மாற்றி இணையத்தில் வைக்கப்பட்டன. மீட்புக் குழுக்கள் அவற்றை இறக்கிக்கொண்டு தெருக்களில் இறங்கின. ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் அதே தரவைத் தங்கள் வரைபடங்களுக்கு எடுத்துக்கொண்டன. சில வாரங்களுக்கு முன்புவரை பொழுதுபோக்காகக் கருதப்பட்ட ஒரு தளம், ஒரு நாட்டின் தலைநகருக்கு அன்றாட வரைபடமாகிவிட்டது.

இதே நாட்களில் கூகுள் நிறுவனமும் தன் 'மேப் மேக்கர்' தளத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு அதே தெருக்களை வரையச் செய்தது. உரிமங்கள் வேறுபட்டதால் ஒன்றில் உள்ளதை மற்றொன்றில் சேர்க்க முடியவில்லை. நேரம் உயிராக இருந்த வாரத்தில் ஒரே தெருவை இரண்டு கூட்டத்தார் தனித்தனியே வரைந்தது வீண் உழைப்பு என்றே சொல்ல வேண்டும்.

மற்றொரு பங்களிப்பு இலங்கையிலிருந்து சென்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை மென்பொருள் வல்லுநர்கள் தன்னார்வமாக உருவாக்கிய 'சஹானா' என்னும் பேரிடர் மேலாண்மை மென்பொருள், ஹைட்டியிலும் நிறுவப்பட்டது. சிங்களத்தில் சஹானா என்றால் நிவாரணம். எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது, எந்த மருத்துவமனை எங்கே இயங்குகிறது என்ற பட்டியல்களைத் தொகுக்க அது உதவியது.

குறுஞ்செய்திகளும் இடப்பெயர்களும்

வரைபடத்தில் கோடுகள் நிரம்பிக்கொண்டிருந்தபோது, வேறொரு திசையிலிருந்து செய்திகள் வந்தன. 4636 என்ற எண்ணுக்கு உள்ளூர் மக்கள் இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. செய்திகளில் பெரும்பாலானவை ஹைட்டியின் மக்கள் மொழியான கிரியோலில் இருந்தன. வந்த மீட்புக் குழுக்களில் அம்மொழி தெரிந்தவர் அரிது. ராபர்ட் மன்ரோ என்னும் மொழியியலாளர் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் வாழ்ந்த கிரியோல் பேசுவோர் செய்திகளை மொழிபெயர்த்தார்கள்.

மொழிபெயர்ப்பு அவர்கள் செய்த பணியில் பாதிதான். மறுபாதி, இடத்தைக் கண்டுபிடிப்பது. செய்தி அனுப்பியவர் அட்சரேகை சொல்லமாட்டார். ஒரு தேவாலயத்துக்குப் பின்னால், ஒரு பள்ளிக்கூடத்துக்கு மேலே, இன்ன சந்துக்குள் என்றுதான் சொல்வார். 'கார்ஃபூர்' என்பது நாற்சந்தியையும் குறிக்கும், தலைநகரை ஒட்டிய ஒரு நகரத்தையும் குறிக்கும். செயற்கைக்கோள் படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இந்த ஐயம் தீராது. அந்தத் தெருக்களில் பள்ளிக்கு நடந்து சென்று, பின்னர் வெளிநாட்டில் குடியேறிய ஒருவரால் அது ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. பின்னர் இந்த மொழிபெயர்ப்புப் பணி ஹைட்டியின் மிர்பாலே நகரில் ஊதியம் பெற்றுப் பணிபுரிந்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள், 'உஷாஹிதி' என்னும் தளத்தில் இச்செய்திகளில் பலவற்றை வரைபடப் புள்ளிகளாக இட்டனர். 2007 டிசம்பர் தேர்தலைத் தொடர்ந்து கென்யாவில் வெடித்த வன்முறையைப் பதிவுசெய்ய, 2008இன் தொடக்கத்தில் கென்யர்கள் உருவாக்கிய தளம் அது. சுவாஹிலி மொழியில் சாட்சியம் என்று பொருள். அமெரிக்கப் பேரிடர் நிர்வாகத் தலைவராக இருந்த கிரெய்க் ஃபுகேட்டும் இந்த வரைபடத்தைப் பாராட்டினார். செய்தி நிறுவனங்கள் மாணவர்களின் கதையை விரும்பி எழுதின. மொழிபெயர்த்த, இடம் கண்ட ஹைட்டியர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. உண்மையில் பணியின் பெரும்பங்கு ஹைட்டியர்களுடையது என்று மன்ரோ பின்னர் ஆய்வுரையில் எழுத வேண்டியிருந்தது.

விமர்சனங்கள்

வரவேற்பு அடங்கியதும் கேள்விகள் எழுந்தன. உதவி கேட்டவர்களின் விவரங்கள் பொதுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியானது சரியா என்பது முதல் கேள்வி. நிலநடுக்கத்தில் உதவி கேட்டவரைப் பற்றிய செய்தி, கலவர நாட்டில் காட்டிக்கொடுக்கும் செய்தியாகிவிடும். இந்தப் பாடம் விரைவில் பயன்பட்டது. 2011இல் லிபியாவில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, ஐ.நா. மனிதநேய ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் வேண்டுகோளின்பேரில் தன்னார்வலர்கள் ஒரு வரைபடம் செய்தார்கள். அதன் முழு வடிவம் கடவுச்சொல்லுக்குள் வைக்கப்பட்டது. பொதுமக்களுக்கான வடிவம் 24 மணி நேரம் தாமதமாகவும், விவரங்கள் குறைக்கப்பட்டும் வெளியானது.

இரண்டாவது கேள்வி புள்ளியியல் சார்ந்தது. குறுஞ்செய்திகள் அதிகம் வந்த இடங்களும் கட்டிடங்கள் அதிகம் இடிந்த இடங்களும் ஒத்துப்போகின்றன, ஆகவே செய்திகளைக் கொண்டே சேதத்தைக் கணிக்கலாம் என்று ஓர் ஆய்வு சொன்னது. பெனடெக் என்ற அமைப்பின் புள்ளியியலாளர்கள் இதை மறுத்தனர். கட்டிடங்கள் அதிகம் உள்ள இடத்தில் மக்கள் அதிகம், கைப்பேசிகளும் அதிகம், சேதமும் அதிகம் இருக்கத்தான் செய்யும். கட்டிடங்களின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு மறைந்துவிடுகிறது என்று காட்டினார்கள். கைப்பேசி இல்லாதவரின் துயரம் வரைபடத்தில் புள்ளியாகாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

சேதத்தை மேலிருந்து மதிப்பிடுவதிலும் இதே வரம்பு தெரிந்தது. 2013 நவம்பரில் பிலிப்பைன்சைத் தாக்கிய ஹையான் சூறாவளிக்குப் பின், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் டக்ளோபான் முதலிய பகுதிகளை வரைந்தனர். சாலைகளும் வீடுகளும் நன்றாகவே அமைந்தன. எந்த வீடு எவ்வளவு சேதம் என்று அவர்கள் குறித்தவற்றைக் களத்தில் சரிபார்த்தபோது பிழைகள் மிகுந்திருந்தன. கூரை நேராக நின்றாலும் கீழே சுவர் நொறுங்கியிருக்கலாம். வானத்திலிருந்து தெரிவது கூரை மட்டுமே.

காலராவும் 'காணாமற்போன வரைபடங்களும்'

2010 ஆகஸ்டில், இப்பணியைத் தொடர்ந்து நடத்த மனிதநேய ஓபன்ஸ்ட்ரீட்மேப் குழு அமெரிக்காவில் முறையான அமைப்பாகப் பதிவுசெய்யப்பட்டது. மைக்கேல் மாரோன், கேட் சாப்மன் முதலியோர் இதில் முன்னின்றனர். இக்குழுவினர் ஹைட்டிக்கே சென்று, உள்ளூர் இளைஞர்களுக்கு வரைபடப் பயிற்சியும் அளித்தனர். வேலையைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒருவர் வரைந்ததை மற்றொருவர் சரிபார்க்க வழிசெய்யும் பணி மேலாண்மைத் தளமும் பின்னர் உருவானது.

அதற்குள் ஹைட்டிக்கு அடுத்த அடி விழுந்தது. 2010 அக்டோபரில் ஆர்ட்டிபோனிட் ஆற்றுப் பகுதியில் காலரா பரவியது. ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததே காரணம் என்று ஆய்வுகள் காட்டின. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்நோயில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர்.

காலராவில் நோயாளி எங்கிருந்து வருகிறார் என்பது மருந்துக்கு அடுத்தபடியாக முக்கியம். 1854இல் இலண்டனில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெருவின் குடிநீர்க் குழாயே ஊற்றுக்கண் என்று காட்டியது பாடநூல்களில் உள்ள செய்தி. ஸ்னோவிடம் தெருக்களின் வரைபடம் இருந்தது. 156 ஆண்டுகளுக்குப் பின் ஹைட்டியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் அதற்கு இணையானது இல்லை. நோயாளிகள் தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள், பதிவேட்டில் அது எழுதப்பட்டது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் எதுவும் இல்லை. ஜனவரியில் அவசரமாக வரைந்த கோடுகளுக்கும் இங்கு வரம்பிருந்தது. வீடு இருந்தது, வீட்டைச் சொல்லும் பெயர் இல்லை.

அங்கு பணியாற்றிய ஐவன் கேட்டன், இந்த அனுபவத்தைப் பின்னர் பல மேடைகளில் எடுத்துரைத்தார். 2014 நவம்பரில் எல்லைகளற்ற மருத்துவர்கள், அமெரிக்க, பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கங்கள், மனிதநேய ஓபன்ஸ்ட்ரீட்மேப் குழு ஆகியவை சேர்ந்து தொடங்கிய 'மிஸ்ஸிங் மேப்ஸ்' திட்டத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். பேரிடர் வந்தபின் வரைவதை விட்டு, வரக்கூடிய இடங்களை முன்கூட்டியே வரைவது அதன் நோக்கம். தொலைவில் உள்ளவர்கள் செயற்கைக்கோள் படத்திலிருந்து சாலைகளையும் வீடுகளையும் வரைவார்கள். பின்னர் அந்த ஊர்க்காரர்கள் அச்சிட்ட தாளுடன் தெருத் தெருவாகச் சென்று பெயர்களை எழுதுவார்கள். காங்கோ நாட்டின் லுபும்பாஷி நகரம் இவ்வாறு முதலில் வரையப்பட்டவற்றுள் ஒன்று. அதே 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, கினியின் கெக்கெடு நகரம் தன்னார்வலர்களால் சில நாட்களில் வரையப்பட்டிருந்தது. நோயாளியோடு பழகியவர்களைத் தேடிச் சென்ற குழுக்கள் அதைப் பயன்படுத்தின.

நேபாளம்

முன்கூட்டியே வரைவதன் பயனை நேபாளம் காட்டியது. அமெரிக்காவில் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்ற நாமராஜ் புதாத்தோகி நாடு திரும்பி, காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற அமைப்பை நிறுவினார். காத்மாண்டு பள்ளத்தாக்கில் பெரிய நிலநடுக்கம் வரும் என்பது அறிந்ததே. எனவே கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி தந்து பள்ளிகள், மருத்துவமனைகள், சாலைகள் ஆகியவற்றை அந்த அமைப்பு பதிவுசெய்துவந்தது. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டு, ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் மலைக் கிராமங்களை வரைய முன்வந்தபோது, எதை முதலில் வரைய வேண்டும் என்று சொல்லக் காத்மாண்டுவில் ஆட்கள் இருந்தார்கள். ஹைட்டியில் 2010 ஜனவரியில் இல்லாதது இதுதான்.

அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் ஓர் இணைய வரைபடத்தைத் திறந்துவைத்தனர். தண்ணீர் நிற்கும் தெருவைச் சொடுக்கினால் அது நிறம் மாறும். சென்னையின் தெருக்கள் ஏற்கெனவே வரையப்பட்டிருந்ததால் வரையும் வேலை மிச்சமாயிற்று. தங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதை மக்களே குறித்தார்கள்.

பிற்கால ஹைட்டி

2016 அக்டோபரில் மேத்யூ சூறாவளி ஹைட்டியின் தென்மேற்குத் தீபகற்பத்தைத் தாக்கியபோது, அப்பகுதியின் வீடுகளும் சாலைகளும் பெருமளவில் வரையப்பட்டன. 2021 ஆகஸ்ட் 14 அன்று அதே தீபகற்பத்தில் 7.2 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டு, 2,200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். லெ கை உள்ளிட்ட ஊர்களுக்கு நிவாரணக் குழுக்கள் கிளம்பியபோது, ஐந்து ஆண்டுகளுக்கு முன் வரைந்த தெருக்கள் வரைபடத்தில் இருந்தன. அவற்றைப் புதுப்பிக்கும் பணியில் இம்முறை ஹைட்டியில் வாழும் வரைபட ஆர்வலர்களும் பங்கேற்றார்கள்.